இருபது மில்லிமீட்டர்

என் அக்கா ஓர் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறாள். போனில் "எப்படிக்கா இருக்க?" என்று கேட்டால், "நிக்கிறேன்டா" என்பாள். அது உண்மைதான். அந்த அறையில் இரண்டு உயரமான ஸ்டூல்கள் உண்டு. ஒன்றுக்குக் கால் ஆடும். இன்னொன்றின் மேல் எந்நேரமும் ஏதாவது ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அக்கா நிற்பாள். ஐம்பத்திரண்டு வயதில் இடது முழங்கால் வீங்கிவிட்டது. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து ஒரு மூச்சு நின்றுவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகிறாள்.

முதலில் நர்ஸ் வேலைக்குத்தான் படிக்கப் போனாள். ரத்தத்தைப் பார்த்ததும் தலை சுற்றியது. சரி, மூத்திரமும் சளியும் போதும் என்று லேப் படிப்புக்கு மாறினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ரத்தப் பாட்டில்கள் வரிசையாக வந்து நின்றன. மயங்கி விழ நேரமில்லாததால் விழவில்லை என்பாள்.

அவளுக்குப் பட்டப்பெயர் 'கிருமி'. வைத்தது அவளுடைய மாமனார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் வீட்டிலிருந்த கரண்டி, டம்ளர் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக் கொதிக்க வைத்தாளாம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றியபடி, "மருமக வருவான்னு பார்த்தா கிருமியில்ல வந்திருக்கு" என்றாராம். அதிலிருந்து வீட்டில் அவள் கிருமி. யார் வழியாகவோ ஆஸ்பத்திரிக்கும் போய், வார்டு நர்ஸ்கள் போன் செய்து, "கிருமி அக்கா இருக்காங்களா?" என்றே கேட்பார்கள்.

மாமனாரை நான் பெரியவர் என்பேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது. அத்தான் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில். பிள்ளைகள் இல்லை. ஆக அந்த மூன்றாவது மாடி வீட்டில் பல வருடங்களாக இருந்தது அக்காவும் மாமனாரும்தான். சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்து நாற்காலியில் சாய்ந்ததும் அவர் ஆரம்பிப்பார்.

"இன்னிக்கு என்ன அறுத்துச்சு உன் கிருமிங்க?"

அறுப்பது என்ற பேச்சு அக்காவிடமிருந்து வந்ததுதான். கிருமிக்கு வாயில்லை, பல்லில்லை, வயிறில்லை. பெரிய பொருள் எதையும் அதனால் விழுங்க முடியாது. ஆகவே நொதிகளைத் தன் உடம்புக்கு வெளியே அனுப்பும். பள்ளியில் நாங்கள் நொதி என்று படித்தோம், அவர்கள் லேபில் என்சைம் என்கிறார்கள். அதில் ஒரு பெரிய குடும்பத்துக்கு ஹைட்ரோலேஸ் என்று பெயர். தண்ணீரை வைத்து அறுக்கிற குடும்பம். மாவுப்பொருளை அறுக்கும், புரதத்தை அறுக்கும், கொழுப்பை அறுக்கும். அறுத்த துண்டுகளைக் கிருமி உறிஞ்சிக்கொள்ளும். எந்தக் கிருமி எதை அறுக்கிறது என்று பார்த்துத்தான் அக்கா அதை அடையாளம் காண்கிறாள். யூரியாவை அறுக்கிற கிருமியை மஞ்சள் சோதனைக் குழாயில் விட்டால், அமோனியா கிளம்பிக் குழாய் ரோஸ் நிறமாகும். அதே யூரியாவைச் சிறுநீர்ப் பையில் அறுத்தால் நாளடைவில் கல் கட்டும். இன்னொரு கிருமி அதே வேலையை இரைப்பையில் செய்து, தன்னைச் சுற்றியிருக்கும் அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, அங்கேயே குடியிருந்து புண் வைக்கும்.

"அவங்க மட்டும்தான் அறுப்பாங்களா? நமக்கு எதுவும் கிடையாதா?" என்று பெரியவர் ஒருமுறை கேட்டார்.

"இருக்கே மாமா. நம்ம கண்ணீர்லகூட ஒண்ணு இருக்கு. கிருமியோட சுவரையே அறுத்துடும்."

"அப்படியா? உங்க அத்தை இருந்தவரைக்கும் இந்த வீட்டுல ஒரு கிருமி உயிரோட இருந்திருக்காது போ."

அக்கா சிரித்துவிட்டுப் பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டாள். அத்தை நிறைய அழுதவர். அழவைத்தவர் இவர்.

இரண்டு மாதம் முன்பு நான் மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். வெளிநாட்டில் இருப்பவனுக்குப் போன் மணி அடித்தாலே ஊரில் யாருக்கு என்னவோ என்றிருக்கும். நேரில் இருக்கும்போதாவது ஒன்றும் நடக்காது என்று நினைத்திருந்தேன். நான் போன இரண்டாம் நாள் பெரியவருக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு அவருக்கு ப்ராஸ்டேட் அறுவை செய்து, சிறுநீர் இறங்கக் குழாய் போட்டு, பிறகு எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலையில் பற்கள் கிட்டித்துப் படுக்கை ஆடியது. அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கேள்வி ஒன்றும் கேட்காமல் அலமாரியிலிருந்து ஒரு சுத்தமான பாட்டிலை எடுத்தாள்.

"மாமா, இதுல கொஞ்சம் போயிட்டு வாங்க."

"ஏன், உனக்கு இன்னிக்கு வேலை கம்மியா?"

"ஆமா. வீட்டுலேருந்தே கொண்டு போறேன்."

அவளுடைய ஆஸ்பத்திரியிலேயே, இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில், கதவோரக் கட்டிலில் சேர்த்தோம். வார்டு டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. வழக்கமாகப் போடுகிற ஊசியை ஆரம்பித்தார். "கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும். கேக்குதுன்னா இதையே தொடரலாம்" என்றார்.

கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று சொல்கிற அந்த ரிப்போர்ட்டை எழுத வேண்டியவள் அக்கா. சொந்தக்காரர்களின் பரிசோதனையை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும் என்று லேபில் ஒரு பழக்கம் உண்டு. அங்கே இருப்பது இரண்டே டெக்னீஷியன்கள். இன்னொருத்தியை எல்லோரும் 'கண்ணாடி' என்பார்கள், தடித்த கண்ணாடி போட்டவள். அவள் பிள்ளைக்கு அம்மை என்று அந்த வாரம் விடுப்பு. அக்காவே பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை கிருமி வளர்ந்தது. கோந்து மாதிரி பளபளவென்று. யூரியா குழாய் மெதுவாக, அரைமனதாக வெளிர் ரோஸ் ஆனது. குடலில் சாதுவாக வாழ்ந்துவிட்டு, குழாய் போட்ட வழியாகச் சிறுநீருக்குப் போய்ச் சேர்கிற வகை. அடுத்த கேள்வி எந்த மருந்து கேட்கும் என்பது. அதற்கு, கிருமி வளரும் கூழ் ஊற்றிய ஒரு கண்ணாடித் தட்டில், அதாவது பிளேட்டில், முழுக்கக் கிருமியைப் பூசி, மருந்தில் தோய்த்த சின்னக் காகித வட்டங்களை மேலே வைப்பார்கள். டிஸ்க் என்பார்கள், காகிதத்தில் துளை போட்டால் விழுகிற துண்டு அளவுதான் இருக்கும். மறுநாள் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் பெரிதாக இருந்தால், அந்த மருந்து கேட்கும்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. சில கிருமிகளிடம் மருந்தையே அறுக்கிற ஹைட்ரோலேஸ் இருக்கிறது. மருந்தின் நடுவில் நாலு மூலை உள்ள ஒரு சின்னக் கட்டம்தான் அதன் உயிர். தண்ணீரை வைத்து அந்தக் கட்டத்தைத் திறந்துவிட்டால் மருந்து வெறும் தூள். அறுக்கும் கிருமி பிளேட்டில் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும், வளையம் சுமாராக விழும். உடம்புக்குள் போனதும் வேலையைக் காட்டும். அதைப் பிடிக்கத்தான் நடுவில் வேறொரு டிஸ்க் வைப்பது. அதிலிருக்கும் பொருள் நொதியின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் நாலு மருந்து டிஸ்க்குகள். நடுவுக்கும் சுற்றுக்கும் இருபது மில்லிமீட்டர் தூரம். அறுக்கும் கிருமியாக இருந்தால், இரண்டு மருந்தும் சந்திக்கிற இடத்தில் வளையம் நடுப்பக்கமாக நீண்டு, பழைய பூட்டின் சாவித்துவாரம் மாதிரி தெரியும். தூரம் கூடினால் இரண்டும் சந்திக்காது. சாவித்துவாரம் விழாது.

புதன்கிழமை அக்கா பிளேட்டைப் பார்த்தாள். சாவித்துவாரம் இல்லை. வளையம் எல்லைக்கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே. 'கேட்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதே ஊசி தொடர்ந்தது.

வியாழக்கிழமை மத்தியானமும் காய்ச்சல் நூற்று மூன்றில் நின்றது. பெரியவர் பேச்சைக் குறைத்திருந்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நர்ஸ் வந்து கையைப் பிடித்தபோது, "கீழ ஒருத்தி மூத்திரத்தைப் பார்க்கிறா, மேல ஒருத்தி கையைப் பார்க்கிறா, ஆளைத்தான் யாரும் பார்க்க மாட்டேங்கிறீங்க" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வார்டு டாக்டர் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்.

"உங்க ரிப்போர்ட்ல கேக்கும்னு இருக்கு சிஸ்டர். உடம்பு கேக்க மாட்டேங்குதே."

குறையாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். படிகளில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினாள். ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு வந்த நான் பின்னாலேயே போய் லேப் வாசலில் நின்றேன். உள்ளே போக அனுமதி கிடையாது.

பார்த்து முடித்த பிளேட்டுகளை வேகவைத்து அழிப்பதற்காக ஒரு சிவப்பு வாளியில் போட்டு வைப்பார்கள். அக்கா கையுறை போட்டுக்கொண்டு அந்த வாளியைக் கிளறினாள். பெரியவருடைய பிளேட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். நேராகப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்து பிளேட்டின் அடியில் வைத்தாள்.

ஸ்கேலை வைத்து எடுத்து, மறுபடி வைத்தாள். பிளேட்டைக் கீழே வைத்துவிட்டு, மேஜையில் ஒட்டியிருந்த ஒரு தாளை அளந்தாள். டிஸ்க் வைக்கிறபோது பிளேட்டுக்கு அடியில் வைக்கும் அளவுத்தாள் அது. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் நாலு புள்ளி. கண்ணாடித் தட்டு வழியாகப் புள்ளி தெரியும், அதன் மேல் டிஸ்க்கை வைத்தால் போதும், ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

"என்னக்கா?" என்றேன்.

"இருபத்தெட்டு."

"என்ன இருபத்தெட்டு?"

"ஒண்ணுமில்லடா. நீ மேல போ. அவரைத் தனியா விடாத."

நடந்தது இதுதான். பதினொரு வாரம் முன்பு பழைய அளவுத்தாள் மேஜை துடைக்கிற மருந்து பட்டுக் கிழிந்துபோயிருந்தது. அதை நகல் எடுக்க அக்காதான் ஆபீஸ் அறைக்குப் போனாள். போன கையோடு, கை கழுவச் சொல்லும் அறிவிப்பு ஒன்றையும் பெரிதாக்கி எடுத்தாள், வார்டு கதவுகளில் ஒட்டுவதற்கு. பெரிதாக்க மெஷினில் நூற்று நாற்பது சதவீதம் என்று அழுத்தினாள். அடுத்து அளவுத்தாளை வைத்தாள். நூற்று நாற்பதை மாற்றவில்லை. தாளில் சுற்றுக்கோடு எதுவும் இல்லை, ஐந்து புள்ளிகள் மட்டும். ஐந்து புள்ளிகள் கொஞ்சம் தள்ளி நின்றால் யாருக்குத் தெரியும்? இருபது இருபத்தெட்டானது. வாராவாரம் சரிபார்க்க வைத்திருக்கும் மாதிரிக் கிருமி ஆவேசமாக அறுக்கிற வகை, அது இருபத்தெட்டிலும் சாவித்துவாரம் காட்டியது. ஆகவே எல்லாம் சரி என்றே பதிவேட்டில் இருந்தது. நிதானமாக அறுக்கிறவைதான் நழுவின.

அக்கா புதுத்தாளில் ஸ்கேலை வைத்து, பேனாவால் ஐந்து புள்ளிகள் குத்தினாள். பெரியவருடைய கிருமியைப் புதுப் பிளேட்டில் பூசி, இருபதில் டிஸ்க்குகளை வைத்து, கிருமி வளர்கிற சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரில் வைத்தாள். மணி மூன்றரை. மறுநாள் காலையில்தான் முடிவு தெரியும்.

அந்த நேரத்தில் அவள் செய்திருக்க வேண்டியது ஒன்று இருந்தது. பக்கத்து அறையில் லேப் டாக்டரம்மா இருந்தார். கதவைத் தட்டி, "மேடம், தூரம் தப்பாயிடுச்சு, எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று ஒரு வார்த்தை. அவர் கையெழுத்துப் போட்டால் மேல்கட்ட ஊசி அன்றைக்கே ஏறியிருக்கும். அந்த ஊசி கடைசிக்கென்று பூட்டி வைத்திருக்கிற மருந்து, காரணம் சொல்லாமல் கிடைக்காது. காரணம் சொன்னால் பதினொரு வாரமும் வெளியே வரும்.

அவள் கதவைத் தட்டவில்லை.

"தூரம் தப்புன்னா முடிவும் தப்பாத்தான் இருக்கணும்னு இல்லையேடா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "கையில எதுவுமே இல்லாம போய் என்னன்னு நிக்கிறது? காலையில தெரிஞ்சிடும்னு நினைச்சேன். ஒரே ஒரு ராத்திரிதானேன்னு." கொஞ்சம் நிறுத்தி, "பயந்துட்டேன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் சும்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்தாள், துணி மடித்தாள், கப்பலிலிருந்து அத்தான் கூப்பிட்டபோது, "அப்படியேதான் இருக்காரு, பயப்படாதீங்க" என்றாள். நான் வார்டில் காவலுக்கு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி வாக்கில் பெரியவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. என்னைப் பார்த்து யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி, கேபிளைப் பிடி என்றார். பிறகு அதுவும் இல்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன். "வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் நேரே எங்களிடம் வரவில்லை. லேபுக்குப் போய் இன்குபேட்டரைத் திறந்தாள். மணி எட்டரை.

சாவித்துவாரம் இருந்தது. தேட வேண்டியிருக்கவில்லை. நடு டிஸ்க்கைப் பார்த்து வளையம் நாக்கை நீட்டியிருந்தது.

பிளேட்டை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனாள். டாக்டரம்மா அப்போதுதான் பையை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இது யாரோடது?"

"என் மாமனாரோடது மேடம். கேக்கும்னு எழுதிட்டேன். கேக்காது."

"எப்போ போட்ட பிளேட் இது?"

"நேத்து மூணரைக்கு."

"அப்போ நேத்தே சந்தேகம் வந்திருக்கு."

"வந்துச்சு மேடம்."

"நான் நேத்து அஞ்சரை வரைக்கும் இங்கதானே உக்காந்திருந்தேன்?"

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாளாம். அவர் போனை எடுத்து மேலே பேசி மருந்தை மாற்றச் சொன்னார். வைத்துவிட்டு, "முதல்ல மேல போய் அவரைப் பாரு. மத்தது அப்புறம்" என்றார். அது திட்டைவிட மோசமாக இருந்தது என்றாள்.

பெரியவர் பிழைத்தார். அதைச் சொல்ல மூன்று நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் ஞாயிற்றுக்கிழமை விட்டது. திங்கட்கிழமை கண்ணைத் திறந்து, மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்து, "எவன்டா என்னைக் கட்டிப் போட்டது?" என்றார். ஆனால் அந்த ஒரு இரவில் சிறுநீரகங்கள் அடிபட்டுவிட்டன. பாதிக்கு மேல் திரும்பி வராது என்றார் வார்டு டாக்டர். இனி உப்பு பார்க்க வேண்டும், தண்ணீர் பார்க்க வேண்டும், மாதாமாதம் பரிசோதனை. நடை தளர்ந்துவிட்டது. நானும் அக்காவும் இரண்டு பக்கமும் பிடித்து மூன்று மாடி ஏற்றினோம். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு தளத்திலும் நின்று, "ஆயிரம் லிஃப்ட்டை ஓட வெச்சவன்டா நான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

லேபில் பதினொரு வாரத்துக் கிருமிகளும் சின்னக் குழாய்களில் குளிர்பெட்டியில் இருந்தன. மூன்று மாதம் வைத்திருப்பது வழக்கம். கண்ணாடியும் அக்காவும் எல்லாவற்றையும் இருபதில் மறுபடி போட்டார்கள். நூற்று முப்பத்தெட்டு பிளேட். பெரியவருடையது போக ஒன்பது மாறின. ஒன்பது பேருடைய விவரமும் வார்டு வார்டாகத் தேடப்பட்டது. ஐந்து பேருக்கு வேறு காரணத்துக்காக வேறு மருந்து போட்டிருந்தார்கள், நன்றாக இருந்தார்கள். இருவர் தாமாகவே தேறிப் போயிருந்தார்கள். ஒருவருடைய போன் எடுக்கப்படவில்லை. ஒருவர் ஆறாவது வாரத்தில் இறந்திருந்தார். கோப்பில் இதயம் என்று எழுதியிருந்தது. இதயமாகவே இருக்கலாம். அக்கா அந்தக் கோப்பை இரண்டு முறை கேட்டு வாங்கிப் படித்தாள். மூன்றாம் முறை டாக்டரம்மா கொடுக்கவில்லை.

"படிச்சா மாறுமா?" என்றார்.

மேலிடத்துக்கு அறிக்கை போனது. அக்காவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அளவுத்தாளை நகலெடுக்கக் கூடாது என்று புதுவிதி வந்தது. அத்தோடு ஆஸ்பத்திரியில் விஷயம் முடிந்தது.

வீட்டில் முடியவில்லை. பெரியவருக்கு மருந்து மாறிய கதை மட்டும்தான் தெரியும். ஏன் மாறியது, எப்போது மாறியிருக்க வேண்டும் என்பது தெரியாது. நான் கிளம்ப நாலு நாள் இருந்தபோது, அக்கா அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தவள், நகவெட்டியைக் கீழே வைத்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சம்பளத்தைக் கூட்டிட்டாங்களா?"

"இல்ல மாமா." சொன்னாள். நகல் மெஷின், இருபது, இருபத்தெட்டு, எல்லாம். அவர் கவனமாகக் கேட்டார். அளவு விஷயம் அவருக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு இடத்தில், "சுற்றுக்கோடு போட்டிருக்கணும். கோடு இருந்திருந்தா கண்ணு கண்டுபிடிச்சிருக்கும்" என்றுகூடச் சொன்னார். அதுவரை அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அது வியாழக்கிழமை மத்தியானமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு மாமா. வெள்ளிக்கிழமை காலையிலதான் சொன்னேன்."

அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எத்தனை மணி நேரம்?"

"பதினேழு."

"பதினேழு." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னா நாங்க முதல்ல என்ன பண்ணுவோம் தெரியுமா? மோட்டாரைப் பார்க்க மாட்டோம். கதவுகிட்ட போய் உள்ள இருக்கிறவனுக்குக் குரல் குடுப்போம். ஆள் வந்திருக்கோம், பயப்படாதன்னு. பழுது எங்கன்னு நமக்கே தெரிஞ்சிருக்காது. இருந்தாலும் குடுப்போம். நீ குடுக்கல."

"குடுக்கல மாமா."

"வீட்டுல உக்காந்து துணி மடிச்சிருக்க."

"ஆமா."

"சரி. போ."

மிச்சமிருந்த மூன்று நகங்களை அன்றைக்கு அவர் வெட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நாலு நாளும் அவளிடம் பேசவில்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார், மாத்திரையைக் கொடுத்தால் விழுங்கினார். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிற என்னிடம், "உங்க அக்காகிட்ட தண்ணி கேளு" என்றார். நான் விமானம் ஏறிய பிறகு இரண்டு பேரும் அந்த வீட்டில் எப்படி இருப்பார்கள் என்று எனக்கு ஒரே கவலை. இரண்டு நாளைக்கு ஒருமுறை கூப்பிட்டேன்.

"பேசினாரா?"

"அரிசி தீர்ந்துபோச்சுன்னு சொன்னாரு."

"அதுவும் பேச்சுதானேக்கா."

"சுவத்தைப் பார்த்துச் சொன்னாருடா."

போன வாரம் கூப்பிட்டபோது அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது. மாதப் பரிசோதனைக்கு மறுபடி மூத்திரம் கொடுக்க வேண்டிய நாள் அது. காலையில் அவர் பாட்டிலை நிரப்பி, மூடியை இறுக்கி, அவள் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அவள் எடுக்கப் போகும்போது கட்டிலில் இருந்தபடியே சொன்னாராம்.

"இதை நீ பார்க்க வேணாம். அந்தக் கண்ணாடிக்காரி பார்க்கட்டும்."

அவள் சரி என்றாளாம். லேபில் பாட்டிலைக் கண்ணாடியின் மேஜையில் வைத்தாள்.

"ஏன்க்கா, நீங்களே போட்டுடலாமே, இருபத்தேழு வருஷ அனுபவம்" என்றாளாம் கண்ணாடி.

"சொந்தக்காரங்களோடதைப் பார்க்கக் கூடாதுன்னு பழக்கம் இருக்கே. நீயே போடு."

அன்று முழுக்க அக்கா அந்த மேஜைப் பக்கம் போகவில்லை. மறுநாள் காலையில் கண்ணாடி பிளேட்டைத் தூக்கிக் காட்டி, "சுத்தமா இருக்குக்கா, ஒண்ணுமே வளரல" என்றபோதும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினாளாம். சாயங்காலம் படிகளில் நின்று நின்று ஏறி, வீட்டுக் கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லியிருக்கிறாள்.

"மாமா, ரிப்போர்ட் நல்லா இருக்கு. கிருமி எதுவும் இல்ல."

"யாரு பார்த்தது?"

"கண்ணாடி."

"நீ தொடலையே?"

"தொடல மாமா."

"அப்போ சரி" என்றாராம். இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து.

அதைச் சொல்லிவிட்டு அக்கா மறுமுனையில் மாத்திரை அட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"வைக்கிறேன்டா" என்றாள். "அவருக்கு மாத்திரை குடுக்கிற நேரம்."